ஏகமனதாக

எமது ஊர்ச் சங்கங்களில் கூட்டம் முடிகின்ற நேரத்தில் தலைவி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?" கேட்டுக்கொண்டே அவர் எழும்பிவிடுவார். பின்வரிசையில் இருப்பவர்கள் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்துவிடும், அடுப்பில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை, ஆட்டை மாற்றிக் கட்டவேண்டும் என்று ஆளுக்கொரு அவசரம். அந்த நேரத்தில் ஒருத்தி எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்று சொன்னால், அவளைக் கூட்டத்தைக் குழப்ப வந்தவளாகவே எல்லோரும் பார்ப்பார்கள்.

மீள்குடியேறிய காலத்திலிருந்து எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எழுத்து வேலை என்னுடையது. கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் நான் அதிகம் எழுதிய சொல் எதுவென்று கேட்டால் "ஏகமனதாக" என்றுதான் சொல்வேன். சுழற்சி நிதியின் வட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பொதுக்கிணறு இறைக்கும் நாள் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒரே மனது கொண்ட முப்பது பெண்களை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? ஒரு வீட்டில் கூடப்பிறந்த இரண்டு பேருக்குக் கறிக்கு உப்புக் காணுமா காணாதா என்பதிலேயே ஒரு மனது வருவதில்லை.

கிணற்று விடயத்தில் இது பெரிய கேடு செய்யாது. ஆனால் எங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய காயத்தைப் பற்றிப் பேசுகின்ற இடத்திலும் இதே சொல் வந்து உட்கார்ந்துகொண்டதைக் கண்ட பிறகுதான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று எண்ணினேன்.

எங்கள் பகுதியில் உறவுகளைத் தேடும் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அங்கேயும் புத்தகமும் பேனையும் என் கையில்தான். என் கணவரை 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கண்முன்னே பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன்பிறகு நான் ஏறாத படியில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, அதற்குப் பின் 2013 இல் அமைத்த ஆணைக்குழு, பின்னர் காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒரே கதையை ஒரே ஒழுங்கில் சொல்லிச் சொல்லி அது எனக்கே மனப்பாடமாகிவிட்டது. இதை வாசிக்கின்ற பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகவே அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

சொல்லவந்த விடயம் ஒரு கடதாசியைப் பற்றியது. 2010 இல் வந்த இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, காணாமற்போன ஒருவருக்காக அவரது குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எங்களில் அநேகர் அதைத் தொடவே மறுத்தோம். ஆளை உயிரோடு கையளித்துவிட்டு, செத்துவிட்டார் என்று நாங்களே கையொப்பம் வைப்பதா? 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கின்ற சான்றிதழ் ஒன்றுக்கு வழி வந்தது. பிள்ளைகளின் பாதுகாவல், சொத்து அலுவல், சமூகநல உதவிகள் போன்றவற்றுக்கு அதைக் காட்டலாம். அதை எடுத்ததால் ஆளைத் தேடும் உரிமை இல்லாமற் போவதில்லை. பிறகு 2022 மார்ச் மாதத்தில், இந்தச் சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு ஒருதடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா கொடுப்பதற்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. அரிசி விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

அந்த வருடம் ஒரு கூட்டத்தில் ஓர் இளம் தாய் எழுந்தாள். பிள்ளை பிடிக்கப் பயந்து வயது வருமுன்னே கலியாணம் கட்டி வைக்கப்பட்ட அந்தக் காலத்துப் பிள்ளைகளில் ஒருத்தி. கணவன் காணாமற் போகும்போது கையில் ஒரு வயது மகள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அக்கா, நான் அந்தச் சேர்ட்டிபிக்கற்றை எடுக்கப்போறன். காணி அவற்றை பேரிலை கிடக்கு. மகளின்ரை அலுவலுக்கு எங்கை போனாலும் தேப்பன் எங்கை எண்டு கேக்கினம். நான் அவரைத் தேடுறதை விடமாட்டன். ஆனா எனக்கு இப்ப ஒரு பேப்பர் வேணும்."

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு லட்சத்துக்குப் புருசனை வித்துப்போட்டு வந்து கதைக்கிறாள்." அதற்குப் பின்னால் இன்னொன்று. "இவளை ஆரோ பேசச் சொல்லி அனுப்பியிருக்கினம்." அவள் அழவில்லை. மகளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு கிழமைக்குள் மூன்றாவது கதையும் வந்தது. அவளுக்கு வேறு தொடர்பு இருக்கிறதாம், அதுதான் அவசரமாம். பிரதேச செயலகத்துக்கு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றவன் அவளுடைய தம்பியின் கூட்டாளி. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கதை நடந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர், அவளை ஒருநாளும் கண்டிராதவர், வட்ஸ்அப்பில் ஒரு குரற்பதிவு போட்டிருந்தார். "இப்பிடியான பெண்களாலைதான் எங்கடை இனம் அழிஞ்சது" என்று தொடங்கி நாலு நிமிடம். அது கைக்குக் கை மாறி அவளுடைய மகளின் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் போனது.

இதைக் கவனியுங்கள் சகோதரிகளே. அவள் சொன்னது மூன்று விடயம். காணி, மகளின் அலுவல், தேடுவதை விடமாட்டேன் என்பது. அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட யாரும் பதில் சொல்லவில்லை. காசுக்கு விலைபோனவள், ஒற்றர், நடத்தை கெட்டவள் என்று அவளைப் பற்றியே பதில்கள் வந்தன. ஓர் ஆண் மாற்றுக் கருத்துச் சொன்னால் முதல் இரண்டோடு நின்றுவிடும். பெண் சொன்னால் மூன்றாவதும் கட்டாயம் சேரும். அந்த மூன்றாவதுதான் அவளை ஊரில் தலைகாட்ட விடாமற் செய்கிறது.

நான் அந்தச் சான்றிதழை எடுக்கவில்லை. எடுக்கப்போவதுமில்லை. ஜெனீவாவில் போய் "எல்லாக் குடும்பத்துக்கும் கொடுத்தாயிற்று, அலுவல் முடிந்தது" என்று சொல்வதற்கு என்னுடைய கையொப்பமும் உதவக்கூடாது என்பது என் எண்ணம். அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையின் கருத்தும் என்னுடைய கருத்தும் ஒன்றுதான். இருந்தும், அவள் எழுந்து போனபின் நான் கேட்டேன், "அவ சொன்னதுக்கு மறுமொழி சொல்லாமல் ஏன் அனுப்பினனீங்கள்?" என்று. "அப்ப நீயும் எடுக்கப்போறியோ?" என்று கேட்டார்கள். பாருங்கள், ஒருவரைப் பேச விடுங்கள் என்று சொன்னாலே அவருடைய கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள்.

அன்றைய அறிக்கையில் அவள் சொன்னதை நான் எழுதினேன். அடுத்த மாதம் வாசித்தபோது அந்தப் பந்தியை வெட்டச் சொன்னார்கள். "உதை ஆராவது பாத்தால் எங்களுக்குள்ளை பிரிவினை எண்டு நினைப்பினம். ஏகமனதாக எண்டு போடு பிள்ளை." நான் வெட்டவில்லை. நடந்ததை எழுதத்தானே புத்தகம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

"எங்களுக்குள்ளை பிரிவினை எண்டு நினைப்பினம்." எங்கள் சனங்களிடையே இந்த வசனத்துக்கு என் வயதளவு வயது இருக்கும். எதிரி வாசலில் நிற்கிறான், இது உள்ளுக்குள் கதைக்கிற நேரமா என்ற கேள்வியின் இன்னொரு வடிவம்தான் இது. எதிரி வாசலில் நின்றது பொய்யல்ல. அதனால்தான் அந்தக் கேள்விக்கு யாராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை.

அதை முதன்முதலாக நான் பயத்தோடு கேட்டது 1989 இல். அப்போது எனக்கு 17 வயது. உயர்தரம் படிப்பதற்காகக் கொக்குவிலில் பெரியம்மா வீட்டில் நின்றேன். இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்த காலம். செப்ரெம்பர் 21 ஆம் திகதி பின்னேரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவி ரஜனி திராணகம சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்துவிட்டு, அங்கே தங்கிவிடாமல், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதற்குத் திரும்பி வந்தவர். பூரணி என்ற பெண்கள் நிலையத்தை உருவாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர். இந்திய இராணுவ காலத்தில் பெண்கள் பட்ட பாட்டை அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டு எழுதியவர். அவரும் வேறு மூன்று பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய "முறிந்த பனை" அரசாங்கம், இந்திய இராணுவம், விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவரைச் சுட்டது விடுதலைப் புலிகளே என்று அவருடன் பணியாற்றியவர்களும் குடும்பத்தினரும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு முற்றத்தில் அன்றிரவு அயலவர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "நல்ல மனுசி" என்றார் ஒருவர். "வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றார் இன்னொருவர். இரண்டு வசனமும் ஒரே மூச்சில் வந்ததுதான் என் நினைவில் நிற்கிறது. சுட்டவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேசியதுதான் பிழை என்றாயிற்று. அந்த முற்றத்தில் இருந்தவர்களில் ஒருவரும் கெட்டவரில்லை. எல்லோருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். நகைகளையும் காசையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விட்டார்கள். பெரியம்மாவுக்குச் சீலைச் சட்டை தைத்துக்கொடுக்கிற ஒரு முஸ்லிம் குடும்பம் ஐந்துசந்திப் பக்கம் இருந்தது. தைக்கக் கொடுத்த துணி அங்கே இருக்கிறதே என்று பெரியம்மா யோசிக்கவில்லை. அந்தக் கிழவி நடக்கமாட்டாளே, எப்படிப் போனாளோ என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே திரிந்தார். "இது பாவம், சரியான பிழை" என்றார். ஆனால் அதை அடுப்படியில்தான் சொன்னார். படலைக்கு வெளியில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எத்தனை அடுப்படிகளில் அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கும் என்று நான் பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதிதான் வலிகாமத்தை விட்டு எங்களை வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி வந்தது. மழையில் செம்மணி வெளியால் நடக்கும்போது பெரியம்மா அந்தத் தையற்காரக் கிழவியின் பெயரைச் சொன்னார்.

இடையில் 1991. சிவரமணி என்ற இளம் கவிஞை மே 19 ஆம் திகதி தன் கவிதைகளையெல்லாம் எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வருடம் ஓகஸ்ட் 30 ஆம் திகதி, "தோழி" என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்திய பல்கலைக்கழக மாணவி செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அடுத்த வருடம் எழுத்தாளருக்கான சர்வதேச விருதொன்று அவருக்குக் கிடைத்தது. வாங்குவதற்கு அவர் இல்லை. அவர் திரும்பி வரவேயில்லை. வவுனியாப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பிள்ளை அவர். அவருடைய தாயும் எங்களைப்போலப் படியேறியவர்தான். எங்கள் படிகள் வேறு, அவருடைய படிகள் வேறு. உறவுகளைத் தேடுகிற எங்கள் கூட்டங்களில் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றதை நான் காணவில்லை.

இவற்றைச் சொல்லும்போது அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகையாளர் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொழும்பில் 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா சிங்களப் பெண். அவரும் எங்களைப்போலப் படத்தோடு நிற்கிறவர். அவரை 2016 இல் நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு பௌத்த துறவி அச்சுறுத்தினார். 2018 இல் அந்தத் துறவிக்கு அதற்காகத் தண்டனை கிடைத்தது. எங்களிடம் "துரோகி" என்பது அவர்களிடம் "புலி" என்றாகிறது. மற்றும்படி வித்தியாசமில்லை. எங்கள் பக்கத்தில், 2024 மே மாதம், சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறிய பெண்களைக் கைது செய்தார்கள். கூட்டம் வைத்தால் மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, ஆர் வந்தது, என்ன கதைத்தது என்று கேட்பவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த மோட்டார் சைக்கிள்தான் எங்கள் கூட்டத்துக்குள் ஒருவரும் வேறு கதை கதைக்கக்கூடாது என்பதற்கும் காரணமாகச் சொல்லப்படுகிறது. வெளியில் இருப்பவனுக்குப் பயந்து உள்ளே வாயை மூடுகிறோம். உள்ளே வாயை மூடியதால் எங்களுக்குள் யார் என்ன நினைக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாமற் போகிறது. தெரியாததால் ஒருவருக்கொருவர் பயம். 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கியபோது, பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை விடு என்று கேட்டுப் பெண்கள் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஆண்கள் வெளியே வரப் பயந்த காலத்தில் அவர்கள் போனார்கள். பின்னாளில் அந்த அமைப்பு தன் சொந்தக் குரலை இழந்துபோன கதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை அரசாங்கம் பிடித்தால் கேட்கலாம், இயக்கம் பிடித்தால் கேட்கக்கூடாது என்று வந்த பிறகு, ஒரு தாயால் எப்படி முழுக்குரலில் கேட்க முடியும்?

எங்கள் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை நோக்கி முதற் சொல்லை எறிந்தவர் ஓர் ஆச்சி. மூன்று ஆண்பிள்ளைகளில் ஒருவர் மாவீரர், இரண்டு பேரைக் காணவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பின்னர் ஒருநாள் அவருக்குக் கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது நானே கேட்டேன். ஆச்சி வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நான் அவளை வெறுக்கேல்லைப் பிள்ளை. அவளும் பிள்ளையோடை கஷ்டப்படுறாள். ஆனா ஒவ்வொருத்தரா எடுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டு போனா, கடைசியிலை பந்தலுக்குள்ளை நான் தனியத்தானே இருக்கவேணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் என்று நான் நினைத்திருந்தது, தனித்துப்போவோம் என்ற பயம். எங்கள் பகுதியில் தேடித் தேடியே கண்மூடிய தாய் தகப்பன்மார் பலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று இல்லை என்பதை அந்தப் பந்தலுக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். ஆச்சியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை அவர் அந்தப் பிள்ளையிடம் இப்படியே சொல்லியிருந்தால், அவள் எழுந்து போயிருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைக்கிறேன். "உன்னை விட்டால் நான் தனிச்சுப் போவன்" என்பதும் "புருசனை வித்தவள்" என்பதும் ஒரே வயிற்றில் இருந்து வந்தவைதான். முதலாவதற்கு மறுமொழி சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன மறுமொழி இருக்கிறது?

அவளை வாயடைக்க வைத்ததால் யாராவது சான்றிதழ் எடுக்காமல் விட்டார்களா? இதை நான் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் ஏழு பேர் பொழுதுபட்ட பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாது, உதவி செய் என்றார்கள். எல்லோரும் ஒரே வசனம், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை." ஒருவர் எங்கள் கிராம சேவையாளர் ஊருக்குள் கதைத்துவிடுவாரோ என்று பயந்து, கையொப்பத்துக்கு அவரைச் சந்தையடியில் காத்திருந்து பிடித்தார். அன்று கூட்டத்தில் அந்தப் பிள்ளையைத் திட்டியவர்களிலும் ஒருவர் வந்தார். நான் நிரப்பிக் கொடுத்தேன். நான் எடுக்காதது என் முடிவு. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது வேறு அலுவல்.

அந்த ஏழு பேரும் மாதாந்தக் கூட்டத்துக்கு வந்து பாயில் இருந்துகொண்டு, சான்றிதழ் வேண்டாம் என்ற தீர்மானத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏகமனதாக. ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேசியிருந்தால், விண்ணப்பத்தில் எந்தக் கூட்டில் எதை எழுதினால் பின்னர் வழக்குக்குப் பாதிப்பு வராது என்று ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டு எல்லோருமாகக் கேட்டிருக்கலாம். களவாகச் செய்ததால் ஆளாளுக்குப் புரிந்தபடி எழுதினார்கள். ஒருவர் மரணச் சான்றிதழ் படிவத்தையே மாறி நிரப்பிக் கொடுத்துவிட்டு, திரும்ப எடுப்பதற்கு மூன்று முறை அலைந்தார். வாயடைத்ததால் எங்களுக்கு வந்த நட்டம் இது.

இதற்கு என்ன செய்யலாம் என்று பலநாள் யோசித்தேன். "எல்லோரும் பயப்படாமல் பேசுங்கள்" என்று சொல்வது சுலபம். பேசியவளுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கருத்துச் சொல்லும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் எழுதியிருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தோடு நாங்கள் வாதாடுவதற்கு. எங்கள் பாயில் இருக்கிறவர்களிடம் அதை எடுத்துக் காட்டி என்ன பயன்?

கடைசியில் நான் கேட்டது சின்ன விடயம். பெரிய முடிவுகளுக்குக் கை உயர்த்துவதை விட்டுவிட்டுத் துண்டு எழுதிப் போடுவோம் என்றேன். எழுதத் தெரியாதவர்கள் சரி என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் சிறு கல். அதற்கே இரண்டு கூட்டம் இழுபட்டது. "எங்களுக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?" என்று கேட்டார்கள். ஒளிப்பு மறைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியாது. ஆகவே பால்மா மட்டை ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

கடந்த தை மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி போட்டோம். சான்றிதழ் எடுத்த குடும்பங்களும் எங்களோடு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா, கூடாதா? வந்திருந்தவர்கள் 38 பேர். மட்டையைக் கவிழ்த்து எண்ணியபோது, நிற்கலாம் என்பவர்கள் 26 பேர், கூடாது என்பவர்கள் 9 பேர். மூன்று பேர் ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்க்கவில்லை. 26 என்று யாரும் நினைத்திருக்கவில்லை. "ஆரப்பா அந்த ஒன்பது பேர்?" என்று இப்போது மறுபக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. அதே தொனி. அதைக் கேட்கக்கூடாது என்பதற்குத்தானே மட்டை என்று சொல்லி நிறுத்தினேன். அப்போது ஆச்சி கையை ஊன்றி எழும்பினார். "ஒண்டு நான்தான். கல்லுப் போட்டது நான்தான். என்ன செய்யப்போறியள்?" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். ஆச்சி சிரிக்கவில்லை.

அந்த இளம் தாய்க்கு நான் போய்ச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் இப்போது கொப்பி எழுதிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், தாயைவிட உயரம். அடுத்த மாதம் அவள் வந்தாள். கதவுக்குக் கிட்ட இருந்தாள். ஆச்சி அவளோடு இன்னமும் கதைப்பதில்லை.

கூடாது என்று போட்ட ஒன்பது பேரின் காரணங்களைக் கேட்பதற்கென்று வருகின்ற கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறோம். யாரும் இடையில் குறுக்கிடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். ஆச்சிதான் முதலில் பேசுவாவாம்.